நான் டிக் போட்ட பக்கங்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். நர்சிங் பள்ளியில் டியூட்டராகச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் குரல் கம்மிப்போயிருந்தது. "எவ்ளோ சொன்னாலும் இந்தப் புள்ளைங்க மண்டைல ஏற மாட்டேங்குது மேடம். நீங்கல்லாம் எப்படிப் படிக்க வெச்சீங்க?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

உண்மையான பதிலைச் சொன்னால் என் மேல் நீங்கள் வைத்திருக்கும் மரியாதையில் பாதி போய்விடும். போகட்டும். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது, மரியாதையை வைத்துக்கொண்டு நான் இனிமேல் என்ன செய்யப்போகிறேன்? ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். பாடத்திட்டம், லெசன் பிளான் எல்லாம் சர்வீசில் இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு மத்தியானத்தைப் பற்றி, அதற்கு அடுத்த நாள் காலையைப் பற்றி.

கடலூரில் நான் வேலை பார்த்த பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'பத்து தடவை'. நான் மாடிப்படி ஏறும்போதே மேலே ஒரு குரல், "ஏய், பத்து தடவை வருதுடி" என்று எச்சரிக்கும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி போவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

மருந்தின் அளவைத் தப்பாகச் சொன்னால் பத்து தடவை எழுது. டெஸ்டில் ஒரு கேள்வியை விட்டால் அந்த விடையைப் பத்து தடவை எழுது. பாடம் முழுக்கத் தடுமாறினால் பாடம் முழுக்கப் பத்து தடவை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் புதுப் பாடம் என்றால் பத்து தடவை உண்டு. சனிக்கிழமை வந்தால் என் மேஜையில் இம்போசிஷன் நோட்டுகள் குவிந்து கிடக்கும். சிவப்புப் பேனாவால் பக்கத்துக்கு ஒரு டிக், கீழே தேதி, கையெழுத்து அழகாக இருந்தால் ஆங்கிலத்தில் 'வெரி குட்'. டிக் போட்டால் பார்த்துவிட்டேன், சரி என்று அர்த்தம். பிள்ளைகள் அப்படித்தான் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் அப்படிப் படித்துத்தான் மேலே வந்தேன். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்த காலத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் என்று கிடைத்ததிலெல்லாம் எழுதிப் படித்தவள் நான். எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும் என்று நினைத்தேன். இதில் ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

வகுப்பறை வாசலில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. ஒவ்வொரு செட்டிலும் யாருடைய நோட்டு அழகாக இருக்கிறதோ அதை வாங்கி அதில் வைப்பேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் முதலில் காட்டுவது அந்த பீரோவைத்தான். அடித்தட்டில் இருந்த பழைய நோட்டு, இரண்டாம் வருடத்திலேயே படிப்பை விட்டு நின்றுபோன ஒரு பெண்ணுடையது. ஏன் நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "இப்படி எழுதற பொண்ணு எதுக்குத்தான் நின்னாளோ" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் உச்சுக்கொட்டுவேன். மேல்தட்டில் இருந்தது ரெஜினாவின் நோட்டு.

ரெஜினா மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் மேல்பட்டாம்பாக்கம், அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறவர். அச்சடித்த மாதிரி எழுதுவாள். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. பாடத்தை ஒப்பிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பாள். மற்ற பெண்களிடம், "ரெஜினாவைப் பாருங்கடி" என்று நான் ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்லியிருப்பேன்.

அதே வகுப்பில் நூர்ஜஹான் என்று ஒருத்தி. பரங்கிப்பேட்டைக்காரி. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். ஒப்பிக்கச் சொன்னால் நாலாவது வரியில் விட்டத்தைப் பார்ப்பாள். அதிகமாக இம்போசிஷன் வாங்கினவள் அவள்தான். அதுவும் போதாதென்று வார்டில் எமர்ஜென்சி ட்ரேயைத் துடைத்து அடுக்குகிற வேலையைத் தினமும் அவளுக்கே தண்டனையாகக் கொடுத்திருந்தேன். ஆபத்துக்கு உடனே எடுக்கவேண்டிய மருந்துகளும் சிரிஞ்சுகளும் இருக்கிற தட்டு அது. யாருக்கும் பிடிக்காத வேலை.

அன்றைக்குப் பெண்கள் வார்டில் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை செய்கிறவர், கையில் வெட்டுப்பட்டுச் சீழ் வைத்து அட்மிட் ஆகியிருந்தார். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு ஸ்டாஃப் நர்ஸ் வார்டின் அடுத்த கோடிக்குப் போயிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லி ரெஜினாவை நான்தான் நிறுத்தியிருந்தேன்.

"மேடம்" என்று ரெஜினா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அந்த அம்மாவின் உதடு வீங்கியிருக்கிறது. கழுத்தெல்லாம் தடிப்பு. "தொண்டய அடைக்குதும்மா" என்று சொல்ல வருகிறார், பாதிக்கு மேல் குரல் வரவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு மொத்தமாகச் சீறிக்கொண்டு வருகிற நிலைமை அது. நிமிடங்கள்தான் கையில் இருக்கும். என்ன மருந்து, எங்கே போடவேண்டும், டாக்டர் வருவதற்குள் யார் போடலாம் என்று எல்லாம் அந்த வார்டின் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நான் கையை நீட்டி டிரிப்பை நிறுத்தினேன். அதுவரைக்கும் சரி.

அதற்குப் பிறகு நான் செய்ததை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ரெஜினாவைப் பார்த்துக் கேள்வி கேட்டேன்.

"இது என்ன ரெஜினா? இப்ப நீ என்ன பண்ணணும்?"

ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நான் வாய்வழித் தேர்வு வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது வருடமாகக் கேள்வி கேட்டே பழகின வாய், தானாகக் கேட்டுவிட்டது.

ரெஜினா கண்ணை மூடினாள். பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இன்ன நோய் என்றால் என்ன, அதன் விளக்கம். அது முடிந்ததும் காரணங்கள். ஒன்று, மருந்துகள். இரண்டு, உணவுப் பொருள்கள். மூன்று, பூச்சிக்கடி. அவளுடைய வலதுகை ஆள்காட்டி விரல் ஏப்ரன் மேல் எழுதிக்கொண்டே இருந்தது. அந்தப் பாடத்தில் 'முதலில் செய்ய வேண்டியது' என்ற தலைப்பு மூன்றாவது பக்கத்தில்தான் வரும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சரியாகச் சொல்கிறாளே என்று காத்துக்கொண்டு நின்றேன். மாணவி சரியாகச் சொல்லிக்கொண்டு போகும்போது குறுக்கே பேசமாட்டேன், அது என் பழக்கம்.

"தள்ளுங்க மேடம்!"

நூர்ஜஹான். ஒரு கையில் ட்ரே, மறு கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச். ஊசி மருந்து இருக்கிற கண்ணாடி ஆம்பியூலை எப்போது உடைத்தாள், எப்போது அளவெடுத்தாள், எனக்குத் தெரியாது. "அட்ரினலின் மேடம், பாயின்ட் ஃபைவ். தொடைல போடுங்க. டாக்டருக்கு ஆள் போயிருக்கு" என்று என் கையில் திணித்தாள். ஆம்பியூலைக் கண் முன்னால் நீட்டிப் பெயரைக் காட்டினாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. போட்டேன். அவள் அதற்குள் அந்த அம்மாவின் காலைத் தூக்கி வைத்து ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஓடிவந்தபோது அந்த அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கி வர ஆரம்பித்திருந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் காபி கேட்டாராம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கலைந்தபோது ரெஜினா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நான் எல்லாத்தயும் எழுதினேனே மேடம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. விரல் இன்னும் ஏப்ரன் மேல் அசைந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு பிரின்சிபால் கூப்பிட்டார். கண்டிப்பானவர், ஆனால் குத்தலாகப் பேசமாட்டார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும். ஊசி போட ஏன் அவ்ளோ நேரம் ஆச்சுன்னு டாக்டர் கேக்கறாரு. புள்ள பயந்துபோய் நின்னுட்டான்னு சொல்றாங்க. அப்படித்தானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்படின்னா அதையே எழுதிடுங்க. ஆனா ஒண்ணு, அப்படி எழுதினா அந்தப் பொண்ண வார்டுல விட முடியாது. இந்த வருஷம் நிறுத்தித்தான் ஆகணும். நல்லா யோசிச்சு எழுதுங்க."

மூன்றாம் வருடக் கடைசியில் நிறுத்தினால் அந்தப் பெண் திரும்ப வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் வெளியே வரும்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். 'மாணவி பயந்து திகைத்துவிட்டாள்.' ஒரே வரி. பொய்கூட இல்லை. அந்த ஒரு வரியில் நான் கேள்வி கேட்டதும் தலையாட்டிக்கொண்டு நின்றதும் காணாமல் போய்விடும்.

கிளம்புவதற்கு முன்னால் வார்டுக்குப் போனேன். நூர் ட்ரேயைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. பக்கத்தில் போய்க் கேட்டேன். ஒவ்வொரு ஆம்பியூலையும் கையில் எடுத்து அதோடு பேசிக்கொண்டிருந்தாள். "நீ எதுக்கு வர்ற? மூச்சடைச்சா வர்றியா, சரி, முன்னாடி உக்காரு. நீ? ஃபிட்ஸ் வந்தா. ரெண்டாவதா உக்காரு."

"எதுக்குடி இதோட பேசற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "பேசினாத்தான் மேடம் எனக்கு நிக்கும். உம்மாகிட்ட ஃபோன்லயும் இப்படித்தான். நீங்க வாந்தி எடுக்கறீங்க உம்மா, நான் இப்ப இன்னா பண்ணணும் சொல்லுங்கன்னு கேப்பேன். உம்மா திட்டிக்கிட்டே கேக்கும்."

"அப்ப நான் எழுதச் சொன்னதெல்லாம்?"

அவள் அவசரமாகத் திரும்பி ட்ரேயைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டியூட்டர் அறைக்குப் போய் அவளுடைய இம்போசிஷன் நோட்டை எடுத்துப் பிரித்தேன். பிரித்த முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு வரியிலும் பாதி நீல மை, மீதிப் பாதி கறுப்பு மை. பக்கம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி. அதாவது முதல் வார்த்தையை மேலிருந்து கீழாகப் பத்து முறை, அப்புறம் இரண்டாவது வார்த்தையைப் பத்து முறை, இப்படியே நெடுக்காக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். பாதியில் பேனா தீர்ந்துபோய் வேறு பேனா எடுத்திருக்கிறாள். ஒரு வாக்கியத்தைக்கூட அவள் முழுதாக எழுதவில்லை. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த தில்லுமுல்லு, நானும் சின்ன வயதில் செய்ததுதான். இரண்டரை வருடமாக இந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் டிக் போட்டிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. நூர் ஏமாற்றினாள், சரி. ரெஜினா ஏமாற்றவில்லையே! அவ்வளவும் ஒழுங்காக எழுதினவள் ஆயிற்றே! இவ்வளவு எழுதவைத்த பிறகும் ஒருத்தி திகைத்து நின்றால் அதற்கு டியூட்டர் என்ன செய்வாள்? கண்ணாடி பீரோவைத் திறந்து ரெஜினாவின் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டோடு சேர்த்து வைக்கலாம் என்று எண்ணம். நான் சொல்லிக்கொடுத்ததற்கு அது சாட்சி. எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்.

வீடு அண்ணாமலை நகரில். ஐந்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள், பஸ் நின்றுவிட்டது. சும்மா இருப்பானேன், எந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்று பார்ப்போம் என நோட்டைப் பிரித்தேன். அந்தப் பாடத்தையே தேடினேன். இருந்தது. பத்து தடவை, எங்கும் ஒரு பிசிறு இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை என்று விரலால் எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஆங்கிலம் நின்று தமிழ் எழுத்து இருந்தது. அதே அச்சுக் கையெழுத்து, அதே அளவு, அதே வரி இடைவெளி.

'மேடம், எழுதிக்கிட்டேதான் இருக்கேன், ஒண்ணுமே மனசுல நிக்கல. வேற எப்படிப் படிக்கறதுன்னு சொல்லுங்க மேடம்.'

அதற்குப் பிறகு ஏழாவது தடவை வழக்கம்போல ஆரம்பித்திருந்தது. பக்கத்தின் கீழே என் சிவப்பு டிக், 'வெரி குட்', தேதி. தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தியது.

ரயில் எப்போது போயிற்று, கேட் எப்போது திறந்தார்கள், எனக்கு நினைவில்லை. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். "டெய்லி வர்ற மேடம்தான நீங்க, இன்னா ஆச்சு?" என்று கண்டக்டர் தோளைத் தொடாத குறையாக எழுப்பினார். நான் தூங்கவில்லை, அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவே தமிழ் எழுத்து. அதுகூடவா தெரியவில்லை எனக்கு? அந்தப் பெண் அந்த நோட்டைப் பதினான்கு மாதம் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே தினமும் வகுப்புக்குள் வந்திருக்கிறாள்.

மறுநாள் முதல் பஸ் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் ஹாஸ்டல் வாசலில் இருந்தேன். எனக்கு முன்னால் ரெஜினாவின் அப்பா வந்துவிட்டிருந்தார். டி.வி.எஸ். வண்டியின் பின்னால் அவளுடைய பெட்டி கட்டியாகிவிட்டது. பக்கத்தில் அழுது வீங்கின முகத்தோடு அவள்.

"மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார் அப்பா. "புள்ள ராத்திரி புல்லா ஃபோன்ல அழுதுனே இருந்துச்சு. ஒரு உசுரு போய்ருக்கும் என்னாலன்னு ஒரே புலம்பல். இந்தப் படிப்பே வாணாங்குது. இட்டுனு போறேன். லீவுல வந்தாலும் எழுதி எழுதி வெரல் வீங்கிப் போயிரும் மேடம் அதுக்கு. சோறு பெசஞ்சு அவுங்க அம்மாதான் ஊட்டும். நானும் படிக்கற புள்ள ஆச்சேன்னு இருந்தேன்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து ரெஜினாவிடம் நீட்டினேன். பார்த்தவுடன் முகம் வெளிறிவிட்டது. திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"இத நேத்துதான் படிச்சேன்" என்றேன்.

"நீங்க பாக்கணும்னுதான் மேடம் தமிழ்ல எழுதினேன். டிக் போட்டு பீரோவுல வெச்சிட்டீங்க. சரி, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்போல, எழுதிட்டே இருந்தா ஒரு நாளைக்கு வந்துரும்போலன்னு நெனச்சிட்டேன்."

"நேர்ல கேட்டிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். அவள் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். நான் அவள் அப்பாவிடம், பத்தரை மணி வரைக்கும் பெட்டியை அவிழ்க்கவேண்டாம், ஆனால் வண்டியையும் எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

ரிப்போர்ட்டை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'செய்யவேண்டிய நேரத்தில் நான் மாணவியிடம் கேள்வி கேட்டேன். பதில் முடியட்டும் என்று காத்திருந்தேன். மாணவி தனக்கு நான் கற்றுக்கொடுத்ததை, நான் கற்றுக்கொடுத்த வரிசையில் சொன்னார். தாமதம் என்னுடையது.' நோட்டின் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சேர்த்தேன்.

பிரின்சிபால் இரண்டு முறை படித்தார். நகலை அதைவிட அதிக நேரம் பார்த்தார். "இதுக்கு நான் உங்களுக்கு மெமோ குடுத்தாகணும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"உக்காருங்க" என்று சொல்லி டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடித்த பிறகு மெமோவை டைப் செய்யச் சொன்னார். அது என் சர்வீஸ் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. ரெஜினாவின் பெட்டி வண்டியிலிருந்து இறங்கிற்று.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமையே ஒரு புதுச் சட்டம் போட்டேன். இம்போசிஷன் கிடையாது, இனி எல்லாரும் நூர் மாதிரி ட்ரே அடுக்கவேண்டும், சத்தமாகப் பேசிப் பேசிப் படிக்கவேண்டும். பத்து தடவை எழுது என்ற வாய் பத்து தடவை பேசு என்றது, அவ்வளவுதான் வித்தியாசம். நூருக்குச் சந்தோஷம். ரெஜினா இன்னும் மோசமானாள். சத்தமாகப் பேச அவளுக்கு வராது. ஆம்பியூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நிற்பாள்.

ஆனால் இந்தத் தடவை நேரில் வந்து சொன்னாள். மூன்றாவது வாரம், டியூட்டர் அறை வாசலில் நின்று, உள்ளே வராமல். "மேடம், எனக்கு இது ஒத்துவரல. எனக்கு எழுதினாத்தான் வரும்."

"எழுதித்தானடி இவ்வளவும் ஆச்சு?"

"அது பாத்து எழுதினது மேடம். இப்ப பாக்காம எழுதிப் பாத்தேன்."

கையில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். உள்ளே மடித்த துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினை மட்டும். மூச்சடைப்பு. வலிப்பு. ரத்தம் நிற்கவில்லை. கண்ணை மூடி ஒன்றை எடுப்பாளாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதலில் என்ன செய்வாள் என்று ஒரே ஒரு வரி எழுதுவாளாம். எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறப்பது. தப்பென்றால் சீட்டு திரும்ப டப்பாவுக்குள் போகும். "மொதல்ல பாதிக்கு மேல தப்பு மேடம். அழுகையே வந்துருச்சு. மூணு வருஷமா எழுதினது எங்க போச்சுன்னே தெரியல. இப்ப கொஞ்சம் கொஞ்சமா டப்பா காலியாவுது" என்றாள்.

அவள் போன பிறகு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான், முப்பது வருடம் கழித்து, என் சொந்த ஹாஸ்டல் அறை எனக்குச் சரியாக ஞாபகம் வந்தது. நாங்கள் நாலு பேர், புத்தகம் ஒன்று. என் முறை ஆறு மணிக்கு முடிந்துவிடும். புத்தகம் அடுத்தவள் கைக்குப் போய்விடும். படித்தது மறந்துபோகுமே என்ற பயத்தில், நினைவிலிருந்ததை மட்டும் காலண்டர் தாளில் எழுதுவேன். மறுநாள் புத்தகம் கைக்கு வந்ததும் எங்கே தப்பு என்று பார்ப்பேன், திரும்ப எழுதுவேன். நான் பார்த்து எழுதியதே இல்லை! பார்க்கப் புத்தகம் இருந்தால்தானே? எழுதியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். புத்தகம் கையில் இல்லாததை மறந்துபோனேன். அப்படிப் பாதி மறந்ததைத்தான் முறை என்று சொல்லி இத்தனை செட் பெண்களின் விரலை ஒடித்திருக்கிறேன். என் படிப்பு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாமல் மற்றவர்களுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த அதிர்ச்சியில் அன்றைக்கு மத்தியான வகுப்பை எடுக்கவில்லை.

ரெஜினா பாஸ் செய்தாள். இப்போது ஒரு ஐ.சி.யூ.வில் சீனியர் சிஸ்டர். நூர் குவைத்தில் இருக்கிறாள், அங்கேயும் ட்ரேயோடு பேசிக்கொண்டுதான் இருப்பாள். ஆகவே அந்தப் பிள்ளைக்குப் பேசினால் ஏறும், இந்தப் பிள்ளைக்குப் பார்க்காமல் எழுதினால் ஏறும், இன்னொன்றுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையைத்தான் கேட்கவேண்டும். கேட்டால் சொல்லும். சில சமயம் கேட்காமலே சொல்லியிருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதாமல் முடித்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

ரெஜினா டப்பாவோடு வந்து போன அன்று சாயங்காலம் கண்ணாடி பீரோவின் சாவியை எடுத்தேன். உள்ளே இன்னும் ஆறு நோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக, வரி விடாமல், முதல் முறையாகப் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஐந்து நோட்டுகளில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்கள் என்னை நம்பினார்களா அல்லது கைவிட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை.

ஆறாவது, அடித்தட்டில் இருந்தது. இரண்டாம் வருடத்தில் நின்றுபோன அந்தப் பெண்ணின் நோட்டு. எட்டு வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் நான் எடுத்துக் காட்டி உச்சுக்கொட்டினது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒன்றில், நாலாவது தடவைக்கும் ஐந்தாவது தடவைக்கும் நடுவில் இரண்டு வரி தமிழில் இருந்தது.

'எவ்வளவு எழுதியும் எனக்கு ஏறல மேடம். இந்த மாசத்தோட நின்னுடலாம்னு பாக்கறேன். நிக்கட்டுமா மேடம்?'

பக்கத்திலேயே சிவப்பு மையில் என் டிக் இருக்கிறது.